விஜிலாவின் மேற்கு

“ஓடிப்போறவ மொளகாப்பொடி வாளியத் தூக்கிக்கிட்டா ஓடுவா? நீயே சொல்லுளா ஜெயஷீலா.”

தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற நேரம் அது. திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் ஒருத்தியின் மானம் போவதும் வருவதும் அந்த நேரத்தில்தான். ஜெயஷீலா தன் குடத்தைக் காலால் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டாள்.

“எனக்கென்ன தெரியும் ஆச்சி? ஊரு சொல்லுது. கிளைட்டன் பெண்டாட்டி காலைல போனவ, பொழுதடைய திருச்செந்தூர் பஸ்ஸுல வந்து எறங்குதா. சிலுவை போட்ட வேதக்காரப் பொம்பளைக்கு முருகன் கோயில் ஊருல என்ன சோலி?”

“ஆளப் பாக்கப் போறவ தலையில பூ வச்சிட்டுப் போவா. இவ நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு வழியெல்லாம் தும்மிக்கிட்டுப் போயிருக்கா.”

“அப்பம் எதுக்குச் சிரிச்சிக்கிட்டு வந்தா?”

லாரி வந்துவிட்டதால் அன்று இதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நடுவில் அழகுபடுத்துகிற வேலை மட்டும் வேண்டாம்.

கிளைட்டன் பெண்டாட்டி விஜிலா உயரமான பெண். எதிர்காற்றில் போகிற மீன்பிடி வல்லம் மாதிரி முன்னால் சாய்ந்து நடப்பாள். வழி தெரியாதவர்கள் தயங்கித் தயங்கித்தானே நடப்பார்கள்? இவள் அந்த ரகம் இல்லை. தப்பான வழியிலும் முழு வேகம்தான். வீட்டுப் படியில் நின்று, ரோட்டைக் கடக்கப் போகிற பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகு ஒரு பக்கம் காலை வைப்பாள். வைத்தபிறகு யோசனை கிடையாது. சோப்பு வாங்கப் புறப்பட்டவள் கடையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள். மாசானம் அண்ணாச்சி உள்ளேயிருந்து, “ஏ தாயி, கடை இங்கன இருக்கு” என்று சத்தம் கொடுப்பார். அவள் திரும்பி வந்து, “எனக்குத் தெரியும் அண்ணாச்சி, சும்மா ஒரு நடை நடந்தேன்” என்பாள். பொய்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்.

எங்கே போனாலும் மூன்று பேரிடம் வழி கேட்பாள். அதில் இரண்டு பேர் ஒரேமாதிரி சொன்னால் அந்த வழியில் போவாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் நாலாவது ஆளைத் தேடுவாள். இப்படிக் கேட்டுக் கேட்டே ஊரில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். ஐஸ் கம்பெனிக் காவல்காரரின் மகள் நர்சிங் படிக்கிறாள், ரயில்வே கேட் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவருக்கு முட்டிவலி, பதநீர் விற்கிற அம்மாவுக்குப் போன மாதம் பேத்தி பிறந்தது, எல்லாம் சொல்லுவாள். அவர்கள் இருக்கிற தெருவைக் கேட்டால் மட்டும் தெரியாது. எங்கள் தெருவுக்கு இதுவும் குறைதான். பார்க்கிற ஆம்பிளையிடமெல்லாம் நின்று பேசுகிறாள் என்றார்கள். வழிதானே கேட்டாள், வேறு என்ன கேட்டாள் என்று நான் கேட்டேன்.

இவளுக்கு ஏன் இப்படி என்றால், அது கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரும் அதை மதிக்கவில்லை.

அன்று காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு புதுப்பெண் தலைவிரி கோலமாக வெளியே ஓடிவந்தாள். தெருமுனையில் கடலும், கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியனும் நின்றன. அதைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ மாமி, பொழுது அடையப் போகுதே! இவ்வளவு நேரமா கெடந்து உறங்கிட்டேன்? ஏன் மாமி என்ன எழுப்பல?”

மாமியார் சந்தனமரியாள் கையில் காலைக் காப்பியோடு நின்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவள் பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே கடல் மேற்கே கிடக்கிறது. சூரியன் மலைப்பக்கம் எழும்பி, கடலுக்குள் போய் விழுகிறது. கடல்மேல் சூரியனைக் கண்டால் விளக்கேற்றி ஜெபமாலை சொல்ல வேண்டிய நேரம் என்றுதான் அவள் கண்ணுக்குப் பழக்கம். இங்கே சூரியன் கடலிலிருந்துதான் வருகிறது. “காலைல எந்திச்சு வெளிய பாத்தா எனக்கு இன்னும் சாயங்காலமாட்டுதான் இருக்கு ஆச்சி” என்று வந்து எத்தனையோ நாள் கழித்தும் சொன்னாள். கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அவளுக்கு மேற்கு. மூளை சொன்னாலும் கால் கேட்காது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கிழக்கு மேற்கு சொல்லித்தான் பேசுவோம். கட்டிலை வடக்கே இழுத்துப் போடு, பல்லி தெற்குச் சுவரில் இருக்கிறது, இப்படித்தான். சோறு தின்கிற இடத்தில் சந்தனமரியாள், “ஏளா, அந்தக் கொழம்புச் சட்டிய இத்துப்போல மேக்க தள்ளு” என்பாள். விஜிலா கிழக்கே தள்ளுவாள். “மேக்கன்னு சொன்னேன்.” இன்னும் கொஞ்சம் கிழக்கே போகும். சட்டி கடைசியில் கிளைட்டன் மடியில் இருக்கும்.

சந்தனமரியாள் சண்டைக்காரி இல்லை. மருமகளைத் திருத்த முடியாது என்று கண்டதும் தன் பேச்சைத் திருத்திக்கொண்டாள். கடல் பக்கம் போக வேண்டுமென்றால் விஜிலாவிடம் மட்டும் ‘மேக்க போ’ என்பாள். ஊர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் ‘கிழக்க போ’ என்பாள். விஜிலா சரியாகப் போய்விட்டு வருவாள். சொந்த மகளுக்குக்கூட யாரும் இப்படித் திசையை மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். இந்த அன்புதான் பின்னால் வினையாக வந்தது.

அதற்கு முன் மாசானம் அண்ணாச்சி கடையில் நடந்த பேச்சைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்குப் போனில் தினமும் ஏதாவது ஒரு ஆராய்ச்சி வரும்.

“பொம்பளைக்குத் தெச தெரியாது ஆச்சி. அது மூளையிலயே கெடையாதாம். ஆதிகாலத்துல ஆம்பளை காட்டுல வேட்டைக்கு அலைஞ்சவன், அதனால அவனுக்கு வழி தெரியும். பொம்பளை குகைக்குள்ள இருந்தவ. வெள்ளக்காரனே சொல்லுதான்.”

“நீரு எந்தக் காட்டுல வேட்டையாடினீரு அண்ணாச்சி? கடைக்குப் பின்னாலதான ஒம்ம வீடு?”

கிளைட்டன் பீடிக்கு நெருப்பு வாங்க நின்றவன் சிரித்துவிட்டான். அவன் வல்லத்தில் கடலுக்குப் போகிறவன். மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் கரையில் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தை வைத்தே, அடியில் எந்தப் பாறை, அதில் என்ன மீன் என்று சொல்லுவான். அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. அவனிடம் யாராவது வழி கேட்டால், “வடக்க போயி, ரெண்டாவது ரோட்டுல மேக்க திரும்பு” என்பான், அவ்வளவுதான். விஜிலாவிடம் கேட்டால், “கருவாடு காயப்போட்ட வீடு ஒண்ணு வரும், அதத் தாண்டுனா ஒரு கறுத்த நாய் படுத்துக் கெடக்கும், அங்க திரும்பணும்” என்பாள். நாய் எழுந்து போய்விட்டால் வழியும் எழுந்து போய்விடும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், யாராவது பதில் சொல்லுங்கள். கிளைட்டன் பிறந்தது அந்த வீட்டில். அவன் ஞானஸ்நானம் வாங்கினது, பந்து விளையாடினது, கல்யாணம் கட்டினது, பீடி குடிக்கப் படித்தது எல்லாம் அதே கடல், அதே கோபுரம் தெரிகிற இடத்தில். அவன் நகரவே இல்லை. பெண்ணைத்தான் வேரோடு பிடுங்கி வேறொரு கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நடுகிறோம். நட்டுவிட்டு, இவளுக்கு ஏன் கிழக்கு தெரியவில்லை என்று கேட்கிறோம். நான் இந்தத் தெருவில் பிறந்து இந்தத் தெருவிலேயே வாக்கப்பட்டவள். எனக்குத் திசை தப்பினதே இல்லை. நகராத ஆளுக்கு எப்படித் தப்பும்?

அண்ணாச்சி சீரகம் நிறுக்கப் போய்விட்டார்.

இனி மிளகாய்ப்பொடி.

எங்கள் தெருவுக்குப் பக்கத்து மாவு மில்லில் அன்று மிஷின் ஓடவில்லை. மெயின் ரோட்டில் ஊர்ப்பக்கமாகத் தள்ளி, வேறொரு மில் இருக்கிறது. சந்தனமரியாள் வறுத்த மிளகாயையும் மல்லியையும் தூக்குவாளியில் போட்டு விஜிலாவிடம் கொடுத்தாள். போகிறபோது ஜெயஷீலாவின் அக்கா அதே மில்லுக்குப் போனதால் கூடவே போய்விட்டாள். திரும்பி வருவதுதான் தனியாக. சந்தனமரியாள் படியில் நின்று மருமகளுக்கென்று மாற்றி வைத்திருக்கிற பேச்சிலே சொன்னாள்: “வரும்போது மெயின் ரோட்டுல ஏறி, நேர மேக்க வந்திரு.” கடல் பக்கமாக வா என்று அர்த்தம்.

மாமியாருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கொஞ்ச நாளாக விஜிலாவும் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மேற்கு என்றால் அது தன்னுடைய கிழக்கு என்று ராவும் பகலும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலைக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். மாதா கோயில் திருவிழா முடிந்து சேர வேண்டும், தனியாகப் பஸ் ஏறிப் போய்வர வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு. வேலை விஷயம் வீட்டுக்குத் தெரியும், இந்தப் படிப்பை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று வெட்கம்.

மாமியார் மருமகளுக்காக மாற்றிச் சொன்னாள். மருமகள் மாமியாருக்காக மாற்றிக் கேட்டாள். இரண்டும் சேர்ந்து அவளைக் கடலுக்கு நேர் எதிரே கொண்டுபோய்விட்டன.

சூடான பொடி வாளியோடு, முழு வேகத்தில், மெயின் ரோட்டில் ஊரைப் பார்த்து நடந்தாள். ரயில்வே கேட் தாண்டி, துணிக்கடைகளைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்தாள். ஒருவரிடம் திரேஸ்புரத்துக்கு வழி கேட்டாள். “கெழக்க போற பஸ்ஸுல ஏறும்மா” என்றார். கிழக்கு என்கிற சொல்லையே அன்று அவள் நம்பத் தயாராக இல்லை. புறப்பட நின்ற ஒரு பஸ்ஸின் கண்டக்டரிடம் நேராகவே கேட்டாள்.

“அண்ணே, இது கடலுக்குப் போகுமா?”

“போகும், ஏறு.”

“கடல் வரைக்கும் போகுமா?”

“கடைசி ஸ்டாப்பே கடல்தான் தாயி. ஏறு.”

கண்டக்டர் பொய் சொல்லவில்லை. அது திருச்செந்தூர் பஸ். வெயிலில் நடந்த களைப்பில், ஜன்னல் காற்று பட்டதும் அவள் தூங்கிவிட்டாள். பழையகாயலும் ஆத்தூரும் போனது தெரியாது. எழுப்பி இறக்கிவிட்டபோது எதிரே முருகன் கோயில் கோபுரமும், அதற்குப் பின்னால் கடலும் நின்றன. மொட்டை போட்ட கூட்டத்துக்கு நடுவே கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் கையில் மிளகாய்ப்பொடியுமாக நின்றிருக்கிறாள். காற்றில் வாளி மூடி கொஞ்சம் திறந்து, பக்கத்தில் நின்ற குடும்பமே தும்மியது. அவர்களிடமே மன்னிப்புக் கேட்டு, அவர்களிடமே வழியும் கேட்டாள். அவர்கள் இவளை உட்காரவைத்து, புளியோதரை கொடுத்து, கடலில் கால் நனைக்க வைத்து, தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வருகிறபோது மாமியாருக்குச் சுக்குக் கருப்பட்டி வேறு வாங்கிக்கொண்டாள்.

இங்கே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. கிளைட்டன் பைக்கில் சுற்றாத இடமில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பொழுது அடைகிறபோது அவள் கருப்பட்டிப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். அதுதான் குற்றம். அழுதுகொண்டு வந்திருந்தால் தெரு அன்றைக்கே மன்னித்திருக்கும்.

சிரித்தது ஏன்? பயந்து நடுங்குகிற அளவுக்கு வழி தப்பிப் போயும், ஆட்களிடம் கேட்டுத் தானாகத் திரும்பி வந்துவிட்டாள். உப்புக் கம்பெனிக்குப் போய்விடலாம் என்கிற தைரியம் அவளுக்கு அன்றுதான் வந்தது. அந்தச் சிரிப்பு அதற்கு. ஜெயஷீலாவுக்கு நான் சொல்லாத பதில் இதுதான்.

உள்ளே மாமியாரும் மருமகளும் பேசியது என் காதில் விழுந்தது.

“மேக்க வான்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன்லா?”

“நீங்க மேக்கன்னா அது எனக்கக் கிழக்குன்னு நான் இப்பம் மாத்தி வச்சிருக்கேன் மாமி.”

“அடிப் பாவி! ஒனக்காகத்தாம்ளா நானே மாத்திச் சொன்னேன்!”

கிளைட்டனுக்கு இந்தக் கணக்கு எதுவும் ஏறவில்லை. பயந்துபோன ஆம்பிளை கோபப்படுவான். அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். “இனிமே நீ தனியா வாசப்படி தாண்டக்கூடாது. உப்புக் கம்பெனியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்” என்றான். அவள் அப்போதுதான் அழுதாள். அது தெருவுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் படியில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த நாட்களில் அவள் பிறந்த ஊரில் அவளுடைய அண்ணன் புதுவீடு கட்டி முடித்து, சாமியார் வந்து மந்திரிக்கிற அர்ச்சிப்புக்குக் கூப்பிட்டான். ஒரு வேன் பிடித்து எல்லோரும் போனோம். ஜெயஷீலாவும் வந்தாள், விருந்து என்றால் அவளுக்குப் பகை கிடையாது. நாங்கள் போய் இறங்கினபோது கடல் எங்கள் ஊர்க் கடல் மாதிரி இல்லை. அலை ஆள் உயரம். இரைச்சலில் பேசுகிறது கேட்காது. விஜிலா வேனிலிருந்து இறங்கினாள். படி இல்லை, இரண்டு பக்கமும் பார்ப்பது இல்லை, நேரே சந்துக்குள் புகுந்து போய்விட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலை கிளைட்டன், “டீ குடிச்சிட்டு வாரேன்” என்று கடற்கரைப் பக்கம் போனான். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து முடித்தார், ஆள் வரவில்லை. முதல் பந்தி உட்கார்ந்தது, வரவில்லை. விஜிலா போன் போட்டாள்.

“எங்க நிக்கிறீங்க?”

“இங்கனதான். பக்கத்துல வந்துட்டேன்.”

இரண்டாம் பந்தியும் எழுந்தது. திரும்பவும் போட்டாள். “வந்துக்கிட்டே இருக்கேங்கேன்லா” என்று ஒரு அதட்டல். போனில் பாதை காட்டுகிற பெண் இருக்கிறாளே, அவள் சொன்னால் கேட்பான். அன்று அவனுக்கு நெட் தீர்ந்துபோயிருந்தது. தெருவில் நிற்கிற மனிதர்களிடம் கேட்பானா? கடலில் போகிற ஆம்பிளை கரையில் வழி கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் வீடு கோயிலுக்கு வடக்கே என்று அவனுக்குத் தெரியும். எங்கள் ஊரில் வடக்கே நடந்தால் கடல் வலது கைப்பக்கம் வரும். அவன் பழக்கத்தில் கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வீசி நடந்தான். அங்கே அப்படி நடந்தால் அது தெற்கு. அடுத்த ஊர்க் கோயில் வந்தது, இந்தக் கோயில் இல்லை. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று அதற்கடுத்த ஊருக்கும் போய்விட்டான்.

விஜிலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். செருப்புப் போடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. புருஷன் எந்தப் பக்கம் தப்பியிருப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு வீட்டுக்கு நடுவே, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, வலை உலர்த்துகிற மணலைத் தாண்டிப் போனாள். போன வேகத்தில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கடைசி ஊரின் குருசடியில், சிலுவைக்குக் கீழே ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தானாம். “சும்மா காத்து வாங்கினேன்” என்றானாம்.

முற்றத்தில் பெண்கள் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஜெயஷீலா விடுவாளா?

“என்ன கிளைட்டா, யாரப் பாக்கப் போயிட்டு வாரே?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. மணலைக் காலால் கிளறிக்கொண்டு, “இங்கன கடலே தப்பான பக்கம் கெடக்கு அக்கா. ஒரு மனுசன் எப்படி வழி கண்டுபிடிக்க?” என்றான்.

எல்லோரும் சிரித்தோம். விஜிலா சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அவன் இலையில் மீன் துண்டை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“கடல் கெடக்க வேண்டிய பக்கம்தான் கெடக்கு. நீங்கதான் எடம் மாறி வந்திருக்கிய. ஒரு காலைக்கே இப்பிடின்னா, கெட்டி வந்த நாள்ல இருந்து நான் அங்க எப்பிடி நடக்கேன்னு நெனச்சியளா?”

சந்தனமரியாள் தண்ணீர்ச் செம்பை எடுத்தவள் குடிக்காமல் வைத்தாள். கிளைட்டன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில் தலையைத் தூக்காமல், “உப்புக் கம்பெனில எப்பம் வரச் சொன்னாவ?” என்று கேட்டான்.

ஜெயஷீலா என் பக்கம் திரும்பி, “இந்த ஊருக் கொழம்புல தேங்கா கூடுதல், என்ன ஆச்சி?” என்றாள். அவளால் முடிந்த சமாதானம் அது. நானும், “ஆமாளா, ருசியாத்தான் இருக்கு” என்றேன்.

ஊர் திரும்பியதும் சந்தனமரியாள் ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் இனிமேல் கிழக்கும் கிடையாது, மேற்கும் கிடையாது. யாரும் யாருக்காகவும் மாற்றிச் சொல்ல வேண்டாம், மாற்றிக் கேட்கவும் வேண்டாம். ‘கடலப் பாத்து’, ‘கடலுக்கு முதுகு காட்டி’, இந்த இரண்டுதான். குழம்புச் சட்டியைக் கடலைப் பார்த்துத் தள்ளு என்றால் சட்டி சரியாகப் போனது. கிளைட்டன் முதலில் கேலி செய்தான், பிறகு அவனும் அப்படியே பேசினான். மாசானம் அண்ணாச்சிகூட யாரோ கூரியர்க்காரனுக்கு, “கடலுக்கு முதுகு காட்டிப் போனா நாலாவது வீடு” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஆராய்ச்சி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “அது வேற, இது வேற ஆச்சி” என்றார்.

திருவிழா முடிந்து சப்பரம் கோயிலுக்குள் போனது. அடுத்த திங்கட்கிழமை விஜிலா வேலைக்குப் புறப்பட்டாள்.

நீலச் சேலை. கையில் சாப்பாட்டுப் பை. போன் இருக்கிறதா என்று சந்தனமரியாள் இரண்டு தடவை பையைத் தடவிப் பார்த்தாள். கிளைட்டன் அன்று கடலுக்குப் போகவில்லை. எஞ்சினில் கோளாறு என்றான். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. பைக்கை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடட்டா?”

“வேண்டாம்.”

“சும்மா, இன்னைக்கு ஒரு நாளைக்கு.”

“வேண்டாம்ங்க.”

நான் எதிர்வாசலில் நின்றேன். லாரி வரும் நேரம். ஜெயஷீலா குடத்தோடு நின்றாள், பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர். பஸ் ஸ்டாப் ஊர்ப்பக்கம் இருக்கிறது. கடல் இந்தப் பக்கம். விஜிலா படியில் இறங்கினாள். வழக்கம்போல இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்னால் சாய்ந்து, முழு வேகத்தில், கடல் பக்கமாகப் போனாள்.

“போச்சி” என்றாள் ஜெயஷீலா.

சந்தனமரியாள் வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி அடக்கினேன். கிளைட்டன் பைக் சாவியை எடுத்தான், பார்த்தான், திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் தெருமுனை வரைக்கும் போனாள். சூரியன் கடலைவிட்டு மேலே வந்திருந்த நேரம். அதற்கு எதிரே அவள் கறுப்பாகத் தெரிந்தாள். அங்கே கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி, கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, அதே வேகத்தில் எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.

வழி தப்பித்தான் போனாள், பிறகு சமாளித்துக்கொண்டாள் என்று ஜெயஷீலா இன்றைக்கும் சொல்லுகிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலுக்கு முதுகு காட்ட வேண்டியவள் முதலில் கடலைப் பார்த்தாக வேண்டும்.

யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனாள். மாசானம் அண்ணாச்சி கடையையும் தாண்டினாள். அன்று அவர் கூப்பிடவில்லை. பை இருந்த கையை வீசி நடந்தாள். சும்மா இருந்த இன்னொரு கையை மட்டும், பின்னால் வருகிற பிள்ளை கூடவே வருகிறதா என்று தடவிப் பார்க்கிற தாய் மாதிரி, ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் நீட்டி, கடலைப் பார்த்து விரித்து, மூடிக்கொண்டாள்.